வீட்டில் செய்யும் எல்இடி சிக்னல்

காரின் சிக்னல் விளக்கில் நெடுங்காலமாக இருந்துவருவது 12 வோல்ட், 21 வாட் பல்பு. ஒரு பக்கத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பல கார்களில் முன் மட்கார்டின் ஓரத்தில் 5 வாட்டில் சிறிய பல்பு ஒன்றும் உண்டு. ஆக மொத்தம் 47 வாட். சிக்னல் குச்சியைத் தட்டியதும் சுமார் மூன்றரை ஆம்பியர் மின்சாரம் பாய்கிறது. இந்த மூன்றரை ஆம்பியரை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எல்இடி சிக்னல் செய்ய முனைகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இதில்தான்.

பேராக் மாநிலத்தின் கடலோர ஊரான லூமுட்டிலும் அதை அடுத்த சித்தியவானிலும் பழைய புரோட்டோன் சாகா, வீரா, பெரோடுவா கஞ்சில் கார்கள் இன்னும் ஓடுகின்றன. இந்தக் கார்களில் கணினிக் கட்டுப்பாடு குறைவு, வயரிங் எளிது, ஸ்க்ரூ டிரைவர் ஒன்று இருந்தால் பின்விளக்குப் பெட்டி கையோடு வந்துவிடும். மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டிப் பழகிய ஒருவருக்குச் சில வெள்ளி விலையுள்ள அம்பர் நிற எல்இடிகள், மின்தடைகள், துளையிட்ட சர்க்யூட் அட்டை, சால்டரிங் குச்சி ஆகியவற்றைக் கொண்டு விளக்கை எரிய வைப்பது பெரிய வேலையல்ல. அதைச் சாலையில் வேறொருவர் சரியாகப் புரிந்துகொள்ளும்படி எரிய வைப்பதுதான் பெரிய வேலை.

திரும்பப் போவதைப் பிறருக்குச் சொல்ல மின்விளக்கு வந்தது பிற்பாடுதான். மலாயாச் சாலைகளில் ஓடிய மோரிஸ் மைனர் போன்ற பிரிட்டிஷ் கார்களில் கதவுத் தூணுக்குள் மடங்கிக் கிடக்கும் சிறிய கைகாட்டி ஒன்று இருந்தது. சுவிட்சைப் போட்டதும் மின்காந்தம் அதை வெளியே தூக்கி நிறுத்தும். அமெரிக்காவில் பியூக் நிறுவனம் 1939-இல் மின்னும் சிக்னலைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரத் தொடங்கியது. பிறகு உலகம் முழுவதும் டங்ஸ்டன் பல்பே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

டங்ஸ்டன் இழை வெண்சூடேறித்தான் ஒளிர்கிறது. அதற்குப் போகும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறுகிறது. கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்திலும் எல்லா நிறங்களும் கலந்திருப்பதால், அம்பர் நிறம் வேண்டுமென்றால் மற்றவற்றை வடிகட்டித் தள்ள வேண்டும். சாதாரண 21 வாட் பல்பு சுமார் 460 லூமன் ஒளி தரும். அதே பல்புக்கு அம்பர் பூச்சுக் கொடுத்தால் 280 லூமன்தான் மிஞ்சும். இழை சூடேறி முழு ஒளிக்கு வர ஏறத்தாழ 0.2 வினாடி பிடிக்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வரும் கார் அந்த நேரத்தில் 5 மீட்டர் ஓடிவிடும். எல்இடிக்கு இந்தத் தாமதம் இல்லை. மாற்றுவதற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். மின்சாரம் மிச்சம், பெட்ரோல் மிச்சம் என்று சொல்வதெல்லாம் சிக்னலைப் பொறுத்தவரை கணக்கில் சேராது. ஒரு பயணத்தில் அது எரிவதே சில நிமிடங்கள்தான்.

எல்இடியின் நிறத்தை முடிவு செய்வது அதன் குறைகடத்திப் பொருள். 1962-இல் அமெரிக்காவில் நிக் ஹொலோனியாக் சிவப்பு எல்இடியைச் செய்தார். 1972-இல் அவருடைய மாணவர் ஜார்ஜ் கிராஃபோர்டு மஞ்சளைக் கொண்டுவந்தார். ஆனால் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அம்பர் ஒளி கிடைத்தது 1990-களின் தொடக்கத்தில், அலுமினியம், இண்டியம், காலியம், பாஸ்பரஸ் நான்கும் சேர்ந்த கலவை கைவந்த பிறகே. இந்தக் கதையில் பேராக்கின் வடக்கு அண்டை மாநிலங்களுக்கும் பங்குண்டு. பினாங்கின் பாயான் லெப்பாஸ் நெடுநாளாக எல்இடித் தொழில் நடக்கும் இடம். கெடாவின் கூலிமில் 2017-இல் ஓஸ்ராம் நிறுவனம் எல்இடிச் சில்லு ஆலையையே திறந்தது.

நிறத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று வெள்ளை எல்இடியை அம்பர் மூடிக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடிதான். மேலே பூசிய மஞ்சள் பாஸ்பரால் வெள்ளையாகத் தெரிகிறது. அதன் நீலப் பகுதியை அம்பர் மூடி விழுங்கிவிடும். வெளியே வருவது சோகை பிடித்த மஞ்சள். அம்பர் மூடிக்குள் 590 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய அம்பர் எல்இடியைத்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது சர்க்யூட். 12 வோல்ட் என்று பெயர் இருந்தாலும் காரில் 12 வோல்ட் இருக்கும் நேரம் குறைவு. இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை கொடுக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டால் 12-க்குக் கீழேயும் இறங்கலாம். ஒரு சாதாரண 5 மில்லிமீட்டர் அம்பர் எல்இடிக்கு 20 மில்லிஆம்பியர் ஓட ஏறத்தாழ 2.1 வோல்ட் வேண்டும். நான்கை வரிசையாகக் கோத்தால் 8.4 வோல்ட். 13.8 வோல்ட்டில் மீதி 5.4 வோல்ட்டை ஒரு மின்தடை ஏற்க வேண்டும். 5.4-ஐ 0.02-ஆல் வகுத்தால் 270 ஓம். இந்த மின்தடையில் செலவாகும் ஆற்றல் பத்தில் ஒரு வாட்டைவிடச் சற்றே கூடுதல். கால் வாட் மின்தடை போதும்.

வரிசைக்கு ஐந்து எல்இடி கோத்தால் மின்தடையில் வீணாவது குறையுமே என்று தோன்றும். அப்போது மின்தடை 165 ஓம். வோல்ட் 14.4 ஆகும்போது 24 மில்லிஆம்பியர் ஓடும்; 12 வோல்ட்டில் வெறும் 9. இன்ஜின் நின்றுபோய் சாலையோரத்தில் நான்கு சிக்னலையும் ஒருசேர மின்ன விட்டிருக்கும் காருக்குத்தான் வெளிச்சம் மிகவும் தேவை. அந்த நேரம் பார்த்து விளக்கு பாதியாக மங்கிவிடும். நான்கு எல்இடி வரிசையில் அதே வேறுபாடு 22-க்கும் 13-க்கும் இடையில் நிற்கிறது. மூன்றே எல்இடி என்றால் இன்னும் சீராக இருக்கும். வீணாவதும் அதற்கேற்பக் கூடும். பழைய காருக்கு மூன்றோ நான்கோதான் சரியான எண்ணிக்கை. ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி மின்தடை வைப்பதும் கட்டாயம். எல்லா வரிசைகளையும் இணைத்து ஒரே மின்தடையில் முடித்தால், மற்றவற்றைவிடக் கொஞ்சம் குறைந்த வோல்ட்டில் ஓடும் வரிசை கூடுதல் மின்சாரத்தை இழுத்துச் சூடாகி முதலில் சாகும். அதன் பங்கும் மற்றவற்றின் தலையில் விழும்.

இப்படி ஆறு வரிசையில் 24 எல்இடி வைத்த ஒரு பலகை எடுத்துக்கொள்வது 120 மில்லிஆம்பியர், அதாவது ஒன்றரை வாட்டுக்குச் சற்று மேல். காரின் மின்சுற்றில் அவ்வப்போது வந்துபோகும் திடீர் வோல்ட் எழுச்சிகளும் உண்டு. ஆல்டர்னேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இணைப்புக் கழன்றால் ஒரு நொடியின் சிறு பகுதிக்குப் பல பத்து வோல்ட் பாயலாம். டங்ஸ்டன் இழை அதைப் பொருட்படுத்தாது, எல்இடி பொருட்படுத்தும். நுழைவாயிலில் ஒரு டையோடும், எழுச்சியை வெட்டும் டிவிஎஸ் டையோடு ஒன்றும் வைத்தால் ஆபத்து நீங்கும். செலவு ஒரு தே தாரிக் அளவுக்குக்கூட வராது.

பலகை தயாராகி, காரில் மாட்டிச் சிக்னலைப் போட்டால் முதலில் நடப்பது பெரும்பாலும் ஏமாற்றம்தான். பழைய வெப்ப வகை ஃபிளாஷர் ரிலேயில், விளக்குக்குப் போகும் மின்சாரமே ஓர் ஈருலோகப் பட்டையைச் சூடாக்கி வளைக்கிறது. வளைந்ததும் தொடர்பு அறுந்து விளக்கு அணைகிறது. ஆறியதும் மீண்டும் ஒட்டுகிறது. மூன்றரை ஆம்பியரை எதிர்பார்க்கும் பட்டைக்குக் கால் ஆம்பியர் போனால் சூடே ஏறாது. விளக்கு மின்னாமல் நின்று எரியும். பின்னர் வந்த மின்னணு ஃபிளாஷர் வேறு விதமாக நடந்துகொள்கிறது. மின்சாரத்தை அளந்து பார்த்து, அது குறைவாக இருந்தால் பல்பு ஒன்று பழுதாகிவிட்டது என்று முடிவு செய்து இரு மடங்கு வேகத்தில் மின்னும். ஓட்டுநருக்குப் பழுதை அறிவிக்கவே அந்த ஏற்பாடு. எல்இடியைப் பார்த்ததும் அதே எச்சரிக்கையைத்தான் அது கொடுக்கிறது.

இதற்குக் கடைகளில் தரும் கைமருந்து, 6 ஓம், 50 வாட் என்று எழுதிய தங்கநிற அலுமினிய உறை போட்ட மின்தடை. எல்இடிக்கு இணையாக அதைக் கட்டினால் ஃபிளாஷர் ஏமாந்து ஒழுங்காக மின்னும். ஆனால் 13.8 வோல்ட்டில் அந்த மின்தடை எரிக்கும் ஆற்றல் 31 வாட்டுக்கு மேல். எடுத்துவிட்ட பல்பைவிட அதிகம்! மின்னும்போது பாதி நேரமே ஓடினாலும், நீண்ட நேரம் நான்கு சிக்னலும் எரிந்தால் தொட்ட விரலைச் சுடும் அளவுக்கு அது கொதிக்கும். பிளாஸ்டிக் பெட்டியிலோ வயர்க்கட்டிலோ அதைச் சாய்த்து வைப்பது நெருப்புக்கு அழைப்பு. வைத்தே தீர வேண்டுமென்றால் காரின் வெற்றுத் தகட்டில் திருகாணி போட்டு இறுக்க வேண்டும். அதைவிட நேர்மையான வழி, எல்இடிக்கென்றே செய்த ஃபிளாஷர் ரிலேயை மாற்றிப் போடுவது. தனி எர்த் வயர் கொண்ட அந்த ரிலே தன் துடிப்பை விளக்கின் மின்சாரத்தை நம்பி ஓட்டுவதில்லை. விளக்குகளைக் கணினி கண்காணிக்கும் புதிய கார்களில் இது எடுபடாது.

சில பழைய வாகனங்களில், குறிப்பாகச் சில மோட்டார் சைக்கிள்களில், இன்னொரு வேடிக்கை நடக்கும். இடப்பக்கம் சிக்னல் போட்டால் நான்கு விளக்கும் மின்னும். மீட்டரில் இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே அறிகுறி விளக்கு இருந்தால் அது இடப்பக்க வயருக்கும் வலப்பக்க வயருக்கும் நடுவில் கட்டப்பட்டிருக்கும். இடப்பக்கம் எரியும்போது அதன் மின்சாரம் வலப்பக்கத்துப் பல்புகளின் குளிர்ந்த இழை வழியாக எர்த்துக்குப் போகும். அந்த அற்ப மின்சாரத்தில் இழை ஒளிராது. எல்இடிக்கோ அந்த அற்பமே போதும். அறிகுறி விளக்கின் ஒரு முனையை இரு வயரிலிருந்தும் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு டையோடு வழியாக இணைத்து, மறு முனையை நேராக எர்த்தில் கொடுத்தால் கோளாறு தீரும்.

இனி ஒளியியல். வீட்டு முயற்சிகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். ஆனால் தோற்றது செய்தவருக்குத் தெரிவதேயில்லை, ஏனென்றால் அவர் காருக்கு நேர் பின்னால் நின்று பார்த்துத் திருப்திப்படுகிறார். ஐக்கிய நாடுகள் வாகன விதிகளில் ஆறாவது விதி, பின் சிக்னலின் நடு அச்சில் குறைந்தது 50 கேண்டெலா செறிவு வேண்டும் என்கிறது; முன் சிக்னலுக்கு 175. 5 கேண்டெலா என்று விற்கப்படும் எல்இடிகள் 24 இருந்தால் 120 கேண்டெலா. பின்விளக்குக்குத் தாராளம் என்று கணக்கு வரும். ஆனால் அந்த 5 கேண்டெலா, ஒளி முழுவதையும் 20 டிகிரி அளவுள்ள ஒடுங்கிய கூம்புக்குள் திரட்டியதால் கிடைத்தது. அதே சில்லின் ஒளியை 120 டிகிரிக்குப் பரப்பினால் நேரெதிரே ஒரு கேண்டெலாவின் சிறு பங்குதான் தேறும். சிக்னலோ வெளிப்பக்கம் 80 டிகிரி வரையும் உட்பக்கம் 45 டிகிரி வரையும் மேலும் கீழும் 15 டிகிரி வரையும் தெரிய வேண்டியது. துறைமுகத்துக்குப் போகும் லோரிக்கும் சாலையோரத்துக்கும் இடையில் ஒண்டிவரும் கப்சாய் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் இந்த 80 டிகிரிப் பக்கத்தில்தான் இருக்கிறார். ஒடுங்கிய எல்இடி அவருக்கு அணைந்த விளக்கு.

பல்பின் அடிப்பாகத்தோடு வரும் எல்இடியைப் பழைய இடத்தில் சொருகுவதிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. விளக்குப் பெட்டியின் குழி ஆடி, ஒரு குறிப்பிட்ட புள்ளியில் நிற்கும் சிறிய இழையை நம்பி வடிவமைக்கப்பட்டது. இழையின் இடத்தில், சுற்றிலும் சில்லுகள் ஒட்டிய ஒரு தண்டு வந்து நின்றால் ஆடி எதைக் குவிப்பது? நடுவில் ஒரு பளீர்ப் புள்ளியும் சுற்றிலும் இருட்டும் தெரியும். நல்ல விளைவு வேண்டுமென்றால், அலுமினிய அடித்தளத்தில் பொருத்திய ஒரு வாட் வகை எல்இடிகள் சிலவற்றை, அகலப் பரப்பும் வில்லையோடு சேர்த்து, வெவ்வேறு கோணத்தில் திருப்பி வைக்க வேண்டியிருக்கும். அவற்றுக்கு வெப்பம் வடிய வழியும் வேண்டும். பல்பு தன் வெப்பத்தை முன்பக்கம் கதிராக வீசிவிடும்; எல்இடி அதைப் பின்பக்கத் தகட்டில் இறக்குகிறது. வெயிலில் நின்ற காரின் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் தகடு ஆறுவது கடினம். அம்பர் எல்இடி மற்ற நிறங்களைவிட வெப்பத்தில் அதிகமாக மங்கும் இனம் என்பது இதைக் கூட்டும்.

முன்பக்கத்தில் இடமும் முக்கியம். ஹெட்லைட்டைச் சுற்றி எல்இடிப் பட்டை ஒட்டுவது இப்போதைய மோகம். ஹெட்லைட்டின் வெள்ளை ஒளி பக்கத்திலிருக்கும் அம்பரை விழுங்கிவிடும் என்பதால்தான் விதியே படிப்படியாக ஏறுகிறது: இரண்டுக்கும் இடைவெளி 40 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் 250 கேண்டெலா, 20-க்கும் குறைந்தால் 400 கேண்டெலா. ஒட்டும் பட்டைகளில் இந்த அளவு கிடைப்பதில்லை.

ஓடும் சிக்னல் பலருக்கும் பிடித்தமானது. அதுவும் புதிதல்ல. ஃபோர்டு தண்டர்பேர்டு காரில் 1965-லேயே பின்விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. உள்ளே ஒரு சிறு மோட்டார் சுழன்று சுவிட்சுகளைத் தட்டிவிட்டது. ஆடி நிறுவனம் 2012-இல் ஆர்8 காரில் எல்இடியால் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. வீட்டில் செய்கிறவர்கள் வழக்கமாக எடுப்பது 555 டைமரும் 4017 என்ற எண்ணி ஐசியும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் 4017-இல் ஒரு நேரத்தில் ஒரு முனைதான் உயிரோடு இருக்கும். வெளிச்சம் ஒற்றைப் புள்ளியாக ஓடி மறையும். விளக்கின் மொத்தச் செறிவு ஒருபோதும் வராது. விதி கேட்பது வேறு: எரியத் தொடங்கியது அணையாமல் நிற்க, அடுத்தடுத்தவை காரின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சேர்ந்துகொண்டே போக, 200 மில்லிவினாடிக்குள் முழு விளக்கும் எரிந்துவிட வேண்டும். இதற்குப் பொருத்தமானது 4015 போன்ற ஷிஃப்ட் ரெஜிஸ்டர். எட்டுப் படிக்கு 25 மில்லிவினாடி வீதம் கொடுத்தால் 0.2 வினாடியில் நிறைந்துவிடும். நிமிடத்துக்கு 90 முறை மின்னும்போது விளக்கு எரியும் நேரம் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 0.33 வினாடி, ஆக மீதி நேரம் முழு விளக்கும் தெரியும். ஃபிளாஷர் ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை வெட்டிவிடுவதால், திரும்ப வரும்போது ஐசி பூஜ்யத்திலிருந்து தொடங்க ஒரு மின்தேக்கியும் மின்தடையும் கொண்டு ரீசெட் துடிப்புத் தர வேண்டும். அதை மறந்தால் விளக்கு நடுவிலிருந்து ஓடத் தொடங்கும்.

லூமுட்டில் இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் கடல் விடாது. பங்கோர் தீவின் மாசிமகத்துக்குப் போகிறவர்கள் காரைப் படகுத்துறைப் பக்கம் நிறுத்திவிட்டுத் தீவுக்குப் போகிறார்கள். கார் உப்புக்காற்றில் நிற்கிறது. வெயிலில் விளக்குப் பெட்டிக்குள் காற்று 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறி, மாலை மழை கொட்டியதும் 28 டிகிரிக்கு இறங்கினால், முழுதாக அடைத்த பெட்டிக்குள் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். எந்தப் பொடி இடுக்கு வழியாகவும் அது நீரை உறிஞ்சும். தொழிற்சாலைப் பெட்டிகளில் சிறு மூச்சுத் துளை இருப்பது இதற்காகத்தான். நீர் புகுந்துவிடும் என்று பயந்து அந்தத் துளையைப் பசையால் அடைப்பது, நீரை உள்ளே இழுக்கும் வேலையையே செய்யும். உள்ளே வந்த உப்பீரமும் 12 வோல்ட்டும் சேர்ந்தால் பாசிட்டிவ் முனைச் செம்பு பச்சை பூத்துக் கரையும். சர்க்யூட் அட்டைக்கு வார்னிஷ் பூச்சுத் தேவை. சிலிக்கோன் பசை பூசுவதென்றால், காயும்போது காடி நாற்றம் அடிக்கும் வகையைத் தவிர்க்க வேண்டும். அதில் வெளிப்படும் அசெட்டிக் அமிலமே செம்பை அரிக்கும். நாற்றமில்லாத நியூட்ரல் வகை கடைகளில் கிடைக்கிறது.

சட்டத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. மலேசியாவில் வாகன விளக்குகள் 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கும் 1959-ஆம் ஆண்டு மோட்டார் வாகனக் கட்டமைப்பு, பயன்பாட்டு விதிகளுக்கும் கட்டுப்பட்டவை. வாகனப் பாகங்களுக்கான 1958-ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தத்தில் நாடு 2006-இல் சேர்ந்தது. அதன் அடையாள எண் 52. விளக்கு மூடியின் ஓரத்தில் வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும் அச்சாகியிருந்தால், எந்த நாடு அந்த விளக்குக்கு ஏற்பு வழங்கியது என்பதை அந்த எண் சொல்லும். அந்த ஏற்பு மூடி, ஆடி, ஒளிமூலம் மூன்றுக்கும் சேர்த்தே தரப்பட்டது. உள்ளே இருப்பதை மாற்றினால் அச்சு அப்படியே இருந்தாலும் ஏற்பு இல்லை. சாலைப் போக்குவரத்து இலாகாவின் சோதனையில் மட்டுமல்ல, காரை விற்கும்போது உரிமை மாற்றத்துக்காக நடக்கும் பரிசோதனையிலும் இது தடையாகலாம். கார் தனக்குச் சொந்தம், விளக்கும் தனக்குச் சொந்தம் என்ற வாதம் அங்கே செல்லாது. சிக்னல் மற்றவர்கள் பார்ப்பதற்காக இருப்பது.

செய்து பார்த்தே ஆக வேண்டும் என்கிறவருக்குப் பொருத்தமான இடம் பக்கவாட்டுச் சிறு விளக்கு. முன் மட்கார்டில் இருக்கும் அந்த விளக்குக்கு விதி கேட்கும் குறைந்தபட்சச் செறிவு 0.6 கேண்டெலாதான், அகலப் பரப்பும் எல்இடிகள் சில சேர்ந்தால் அதை எட்டிவிடலாம். 5 வாட் பல்பை எடுத்துவிட்டாலும் முன்னும் பின்னும் 42 வாட் இருப்பதால் ஃபிளாஷர் பொதுவாக வேறுபாட்டைக் கண்டுகொள்ளாது. சுடும் மின்தடையும் வேண்டாம், ரிலேயும் மாற்ற வேண்டாம். அது பழுதானாலும் முன், பின் சிக்னல்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கும். முன் விளக்கையும் பின் விளக்கையும் எல்இடிக்கு மாற்ற விரும்பினால், அந்தக் கார் மாடலுக்கென்றே ஏற்பு முத்திரையோடு வரும் முழு விளக்குப் பெட்டியை வாங்கிப் போடுவதே முறை.